சான்று எங்கே? வரலாறு படிக்க வந்தவர்களுக்குச் சில பதில்கள்

சென்னையின் அரசுக் கலைக் கல்லூரிகளில் பல்லாண்டு வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர், வாசகர் கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதிலளிக்கிறார். கேட்டவர்களின் பெயர்களை அவருடைய விருப்பப்படி வெளியிடவில்லை.

என் மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். சென்னைக்குப் போய் பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும்போது யாராவது வரலாறு எடுப்பார்களா என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? மறைக்காமல் சொல்லுங்கள்.
— மளிகைக் கடைக்காரர், ஆத்தூர்

மறைக்க என்ன இருக்கிறது, ஐயா? பி.ஏ. வரலாறு என்ற பட்டத்தை மட்டும் பார்த்து ஒருவரும் வேலை தரமாட்டார்கள். அதோடு இன்னொன்று சேரவேண்டும். பி.எட். சேர்ந்தால் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். எம்.ஏ.வும் நெட் அல்லது செட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் சேர்ந்தால் கல்லூரிப் பக்கம் போகலாம். மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் போகும் வரலாற்று மாணவர்கள் பலர். என் வகுப்பில் படித்தவர்களில் நன்றாக வாதாடுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம்தான் போனார்கள். மாநிலத் தொல்லியல் துறை சென்னையில் தொல்லியல் பட்டயப் படிப்பு நடத்துகிறது. இடங்கள் குறைவு, எழுத்துத் தேர்வு உண்டு. ஐ.ஏ.எஸ். கனவு இருந்தால், முதன்மைத் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுப்பவருக்கு அதில் மட்டும் இரண்டு தாள்கள், 500 மதிப்பெண். பொது அறிவுத் தாளிலும் வரலாறு இருக்கிறது.

அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான், 2010ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆனால் 2020இல் அதைத் திருத்திவிட்டார்கள். கல்லூரியில் மட்டும் தமிழ் வழியில் படித்தால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ் வழியாக இருக்கவேண்டும். உங்கள் மகள் நடுவில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறியிருந்தால் அந்தச் சலுகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவள் என்றால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அதற்கு விண்ணப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கல்லூரியில் சேர்த்த மாதமே அவளைப் போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்திலும் சேர்த்துவிடாதீர்கள். காலையில் வரலாறும் மாலையில் வரலாற்றுக் குறுவினாக்களும் படித்துப் படித்து, இரண்டாம் ஆண்டில் அந்தப் பாடத்தின்மீதே வெறுப்பு வந்துவிட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம். உறவுக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டால், அவர்கள்தான் ஃபீஸ் கட்டப் போகிறார்களா என்று கேளுங்கள்.

அம்மா, செய்யாற்றிலிருந்து வந்து சென்னையில் விடுதியில் தங்கி வரலாறு முதலாண்டு படிக்கிறேன். வகுப்பில் நோட்ஸ் சொல்கிறார்கள், எழுதிக்கொள்கிறோம். தேர்வுக்கு கைடு இருக்கிறது. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றுகிறது. ஊரிலேயே படித்திருக்கலாமோ?
— முதலாண்டு மாணவி

கைடைத் தூக்கி எறியாதே மகளே, செமஸ்டருக்கு அது வேண்டும். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஒரு பக்கமும் பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கமும் எழுதிவிட்டு வா, இன்டெர்னல் மதிப்பெண்ணையும் கெடுத்துக்கொள்ளாதே. அந்தக் கடன் அவ்வளவுதான். மீதி நேரம் உன்னுடையது. நீ வந்திருக்கும் ஊரோ சாமானியமான ஊர் அல்ல. தென்னிந்திய வரலாற்றை எழுதியவர்கள் எந்தக் காகிதங்களையும் கற்களையும் பார்த்து எழுதினார்களோ அவற்றில் பெரும்பகுதி உன் விடுதியிலிருந்து ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. ஆனால் இந்திய வரலாற்றுக்கும் தொல்லியலுக்கும் அங்கே தனித் துறை வர 1914 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் முதல் பேராசிரியர். அவருக்குப் பின் 1929இல் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி வந்தார். சோழர்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1930களில் வந்தது பல்கலைக்கழகம் இருக்கும் இந்தச் சேப்பாக்கத்திலிருந்துதான். அவருக்கு கைடு யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. கல்வெட்டு ஆண்டறிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு எழுதினார். அவர் சொன்னவற்றில் பலவற்றைப் பிற்காலத்தவர் மறுத்திருக்கிறார்கள். மறுத்தவர்களும் அதே அறிக்கைகளைப் புரட்டித்தான் மறுத்தார்கள்.

நீ ஒரு சனிக்கிழமை எழும்பூரில் தொடங்கு. வெள்ளிக்கிழமை போகாதே, அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. பாந்தியன் சாலையில் ஒரே வளாகத்தில் அருங்காட்சியகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. அருங்காட்சியகத்தில் எல்லாரும் நேராக நடராசர் செப்புத் திருமேனிகளைப் பார்க்க ஓடுவார்கள். நீ முதலில் கற்கருவிகளைத் தேடிப் பார். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனிதன் வாழ்ந்த காலத்தை ஒரேயடியாகப் பின்னுக்குத் தள்ளிய கல் அது. மின்சார ரயில் பல்லாவரத்தில் நிற்கும்போது பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீயாவது எட்டிப் பார்.

பிறகு அமராவதிச் சிற்பங்கள். அவற்றின் முன் நின்று, இவை ஏன் இங்கே இருக்கின்றன என்று கேட்டுக்கொள். ஆந்திரத்தின் கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருந்த பௌத்தத் தூபியின் பலகைகள் சென்னைக்கும், இன்னொரு பங்கு லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் போயின. யார் எடுத்தார்கள், யார் பங்கு பிரித்தார்கள், எடுக்கும்போது என்னென்ன அழிந்தது? இந்தக் கேள்விகளை நோட்ஸில் யாரும் எழுதவைக்கமாட்டார்கள்.

கன்னிமாரா 1896இல் திறந்த நூலகம். இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியும் வந்துசேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. அங்கே உறுப்பினராகு. முதலில் கேட்கவேண்டிய நூல், உன் ஊர் அடங்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் மேனுவல். வெள்ளைக்கார அதிகாரிகள் 19ஆம் நூற்றாண்டில் மாவட்டம் மாவட்டமாக எழுதியவை இவை. உன் ஏரிகள், சாதிகள், சந்தைகள், நெல் விலை எல்லாம் அதில் இருக்கும். ஆசையாகப் படி, ஆனால் எழுதியவன் யார் என்பதை மறக்காதே. நிலவரி வசூலிக்க வந்தவன் அவன். ஏரியில் எவ்வளவு நீர் என்று அவன் கேட்டதற்குக் காரணம் உன் பாட்டனின் தாகம் அல்ல.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1909ஆம் ஆண்டுக் கட்டடம். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்து சேர்ந்த காகிதங்கள் உள்ளே இருக்கின்றன. முதலாண்டிலேயே போய்க் கதவைத் தட்டாதே. கல்லூரியிலிருந்து பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள், எதைத் தேடி வந்தாய் என்றும் கேட்பார்கள். அதற்கு உன்னிடம் பதில் இருக்கவேண்டும். "சென்னை வரலாறு" என்று சொன்னால் அங்கே இருப்பவர்கள் உன்னை இரக்கத்தோடு பார்ப்பார்கள். தேடும் பொருள் சின்னதாக இருக்கவேண்டும்.

ஒன்று சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள். 1876–78இல் சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அந்தச் சமயத்தில் பட்டினியில் வந்தவர்களை வைத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதியை நிவாரண வேலையாக வெட்டினார்கள். பக்கிங்காம் கால்வாயின் பகுதி அது. அந்தக் காலத்து ஆளுநரின் பெயர்தான் கால்வாய்க்கு. நீ சேப்பாக்கத்துக்கு வரும் பறக்கும் ரயில் பாதையின் தூண்கள் அந்தக் கால்வாய்க்குள்தான் நிற்கின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் அந்தச் சாக்கடையை வெட்டியவர்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தானியம் கொடுக்கவேண்டும் என்று அதிகாரிகள் காகிதத்தில் சண்டை போட்டிருக்கிறார்கள். வட ஆற்காட்டிலிருந்து நடந்து வந்தவர்கள் அவர்களில் இருந்தார்களா என்று தேடினால், அது மூன்றாம் ஆண்டுக்கான உன் ஆய்வேடு.

இன்னொரு சனிக்கிழமைக்குப் புனித ஜார்ஜ் கோட்டை. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போ. உள்ளே புனித மேரி தேவாலயம், 1680இல் அர்ச்சிக்கப்பட்டது. ராபர்ட் கிளைவ் 1753இல் மணம் முடித்த இடம் என்று வழிகாட்டிகள் உடனே சொல்லிவிடுவார்கள். நீ வெளியே தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களைப் பார். பழைய பழைய ஆண்டுகள், லத்தீன், போர்ச்சுகீசியம் எல்லாம் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றின் கீழே ஒருவரும் இல்லை! ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த மனையில் இருந்தது. 1758–59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது அவனுடைய படைகள் அந்தக் கல்லறைகளை மறைவாகப் பயன்படுத்திக்கொண்டன. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் இடுகாட்டை இடித்துத் தரைமட்டமாக்கி, கற்களை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே பதித்தார்கள். ஏல் என்ற ஆளுநரின் குழந்தை புதைக்கப்பட்ட கூர்ங்கோபுரக் கல்லறையைப் போன்ற ஒன்றிரண்டுதான் பழைய இடத்திலேயே தப்பின. கல்லில் இருக்கும் பெயர் உண்மை, ஆண்டு உண்மை, இடம் மட்டும் பொய். சான்றை நகர்த்தினால் என்ன ஆகும் என்று நான் வகுப்பில் மணிக்கணக்கில் பேசியதைவிட அந்தத் தரை நன்றாகச் சொல்லும்.

அந்த லாலி சென்னையிலிருந்து பின்வாங்கிய மறு ஆண்டு, 1760 ஜனவரியில், ஆங்கிலத் தளபதி ஐர் கூட் என்பவரிடம் தோற்ற இடம் எது தெரியுமா? உன் ஊருக்குப் பக்கத்து வந்தவாசி. இந்தியாவில் ஆட்சி பிடிக்கும் பிரெஞ்சுக்காரர்களின் கனவு அங்கே உடைந்தது. மாமண்டூரும் குரங்கணில்முட்டமும் உங்கள் பக்கம்தானே? மாமண்டூர்க் குகைக் கல்வெட்டு பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் மத்தவிலாச நாடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பாதி எழுத்து உதிர்ந்துபோன கல்வெட்டு. ஊரிலேயே படித்திருக்கலாமோ என்று கேட்டாயே, பொங்கல் விடுமுறைக்குப் போகும்போது அதைப் பார்த்துவிட்டு வந்து, அந்தக் கல்வெட்டின் வாசகத்தை எங்கே அச்சிட்டிருக்கிறார்கள் என்று சென்னையில் தேடு. இரண்டு ஊரும் உனக்கு வேண்டும்.

ஆகஸ்ட் 22தான் சென்னை நாள் என்று கல்லூரியில் விழா கொண்டாடினோம். ஒரு பழைய நூலில் ஜூலை 22, 1639 என்று இருக்கிறது. எது சரி? தேர்வில் எதை எழுதுவது?
— மாலைநேரக் கல்லூரி மாணவர், இராயபுரம்

தேர்வில் ஆகஸ்ட் என்று எழுதிவிட்டு வா, தம்பி. திருத்துபவரோடு சண்டை வேண்டாம். இப்போது விஷயத்துக்கு வருவோம்.

இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல நாயக்கர், கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே என்பவருக்குக் கடற்கரையில் கோட்டை கட்டிக்கொள்ள இடம் கொடுத்த பத்திரம்தான் இந்த நாளுக்கு ஆதாரம். பழைய பதிவுகளில் அதன் தேதி ஜூலை 22 என்றுதான் இருக்கிறது. நீ பார்த்த நூல் தன் மனம்போல எழுதவில்லை. ஆனால் டே மசூலிப்பட்டினத்தை விட்டுப் புறப்பட்டதே ஜூலை 27 அன்றுதான் என்று வேறு பதிவு சொல்கிறது. ஊரைவிட்டுக் கிளம்பாத மனிதன் ஐந்து நாள் முன்பே இங்கே பத்திரம் வாங்கியிருக்க முடியாது. ஆகவே எழுதியவர் மாதத்தைத் தவறாக எழுதியிருக்கவேண்டும், நாள் சரியாக இருக்கலாம் என்று ஊகித்து ஆகஸ்ட் 22 என்று வைத்துக்கொண்டோம். ஊகம்தான், ஆனால் காரணம் சொல்லும் ஊகம். பத்திரத்தைக் கணக்கில் எடுக்காமல், டேயும் அவருடைய மேலதிகாரி ஆண்ட்ரூ கோகனும் ஆட்களோடு வந்து இறங்கிய 1640 பிப்ரவரிதான் தொடக்கம் என்று ஒருவர் வாதாடினால் அவரையும் நான் தடுக்கமாட்டேன்.

இன்னொருவர் எழுந்து, திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டே இருக்கிறது, மயிலாப்பூர் அதற்கும் மூத்தது, பிறந்தநாள் கேக் யாருக்கு வெட்டுகிறீர்கள் என்று கேட்பார். கேட்கட்டும். கம்பெனி வந்த நாளும் ஊர் பிறந்த நாளும் ஒன்றல்ல. விழா நடத்துபவர்களுக்கு ஒரு தேதி தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

நான் பள்ளியிலிருந்து தமிழ் வழியில் படித்தவன். கல்லூரியிலும் தமிழ் வழிதான். நல்ல நூல்களெல்லாம் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன என்று விரிவுரையாளர் சொல்கிறார். எனக்கு வரலாறு கைகூடுமா?
— இரண்டாமாண்டு மாணவர், திருவொற்றியூர்

விரிவுரையாளர் பாதி சொல்லியிருக்கிறார். மீதியை நான் சொல்கிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த செய்தி புதுச்சேரியில் எப்படிப் பரவியது, கவர்னர் துய்ப்ளேக்சும் தளபதி லபோர்தொன்னேயும் எப்படி முறைத்துக்கொண்டார்கள், சந்தையில் என்ன பேச்சு என்று அருகிலிருந்து பார்த்தவரின் எழுத்து. அதை வெள்ளைக்காரர்கள் படிக்கவேண்டும் என்பதற்காக 1904இலிருந்து 1928 வரை பாடுபட்டு 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தாலும் அந்த மொழிபெயர்ப்பை நம்பித்தான் எழுதுகிறார், அல்லது தமிழ் கற்றுக்கொண்டு வருகிறார். உனக்கு அந்தத் தடை இல்லை. அந்தக் காலத்து எழுத்துநடை முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் முரண்டுபிடிக்கும். வாய்விட்டுப் படித்தால் வழிக்கு வந்துவிடும்.

கே.கே. பிள்ளையும் சதாசிவ பண்டாரத்தாரும் மயிலை சீனி. வேங்கடசாமியும் தமிழிலேயே எழுதியிருக்கிறார்கள். அவர்களிலிருந்து தொடங்கு. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு முறை போய்வா. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் ஆயுள் முழுக்கச் சேர்த்த தமிழ் நூல்களும் இதழ்களும் விளம்பரத் துண்டுகளும்தான் அந்த நூலகத்தின் அடித்தளம். நாடக நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும்கூட வரலாற்றுச் சான்று என்று அங்கே போனால் புரியும்.

ஆனால் ஆங்கிலத்தை விட்டுவிடலாம் என்று நான் சொன்னதாக நண்பர்களிடம் சொல்லித் திரியாதே. கம்பெனிக் காகிதம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தமிழில் ஏற்கெனவே உனக்குத் தெரிந்த ஒரு செய்தியை ஆங்கிலத்தில் படி. பொருள் தெரிந்திருப்பதால் மொழி தானாகப் பிடிபடும். தினமும் ஒரு பக்கம் போதும். அகராதியைச் செல்போனில் பார்க்காமல் நூலாக வாங்கி வைத்துக்கொள் என்பது என் பழைய காலப் பிடிவாதம், அதை விரும்பினால் மட்டும் கேள்.

எங்கள் வீட்டு வாட்ஸ்ஆப் குழுவில் பெரியமாமா தினமும் "தமிழன் ஐம்பதாயிரம் ஆண்டுக்கு முன்பே..." என்று தொடங்கி ஏதாவது அனுப்புகிறார். இன்னொரு பக்கம் என் வகுப்புத் தோழன் ஒருவன் கீழடியே கட்டுக்கதை என்கிறான். வரலாறு படிக்கிறவள் நீயே சொல் என்று இருவரும் என்னைக் கேட்கிறார்கள்.
— முதுகலை மாணவி, தாம்பரம்

இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேள், தங்கையே. எந்தப் பொருள், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது, காலத்தை எந்த முறையில் கணித்தார்கள்?

கீழடியை எடுத்துக்கொள். மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி மாதிரியின் காலம் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) 580 என்று இருக்கிறது. மாதிரியை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் கணித்தார்கள். இவ்வளவு தெளிவாக ஒரு தகவல் இருந்தால் அதோடு நாம் பேசலாம். ஒரு மாதிரியின் காலத்தை அந்த அடுக்கில் கிடைத்த எழுத்துப் பொறித்த ஓடுகளுக்கும் பொருத்தலாமா என்று கேட்கலாம். மேலும் மாதிரிகள் வேண்டும் என்று சொல்லலாம். அறிஞர்கள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "கட்டுக்கதை" என்று சொல்வது அறிக்கையைத் திறக்காதவர் பேச்சு. பெரியமாமாவின் ஐம்பதாயிரத்துக்கோ அடுக்கும் இல்லை, மாதிரியும் இல்லை, ஒரு நல்ல வண்ணப் படம் மட்டும் இருக்கிறது.

2025 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில் ஈமத்தாழியில் கிடைத்த இரும்பின் காலம் அறிவிக்கப்பட்டபோது பெரியமாமாக்கள் எல்லாரும் இனிப்பு வழங்கினார்கள், மறுபக்கத்துக்காரர்கள் எல்லாரும் முகம் சுளித்தார்கள். பொ.ஆ.மு. 3345 வரை போகும் எண் அது. மகிழ்ச்சியோ சுளிப்போ தேவையில்லாத இடம். அந்தத் தாழியில் இருந்த மாதிரியும் இரும்பும் ஒன்றாக வைக்கப்பட்டவைதானா, வேறு இடங்களில் இதே காலம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கவேண்டிய இடம்.

குழுவில் வாதாடாதே. அறிக்கையின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, "மாமா, இதில் உங்கள் ஐம்பதாயிரம் எந்த வரியில் இருக்கிறது?" என்று மட்டும் கேள். பதில் வராது. காலை வணக்கம் மட்டும் வரும்.

கல்வெட்டுப் படிக்கக் கற்றுக்கொள்ள ஆசை. கல்லூரியில் அந்தத் தாள் இருக்கிறது, ஆனால் ஒரு கல்வெட்டையும் காட்டவில்லை. நானாகக் கற்கமுடியுமா?
— மூன்றாமாண்டு மாணவர், காஞ்சிபுரம்

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு கல்வெட்டைக் காட்டவில்லை என்கிறாயே, தம்பி! வீட்டைவிட்டு வெளியே வந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோயில் சுவர் இருக்கிறது. உத்திரமேரூர் பஸ் உன் ஊரிலிருந்தே புறப்படுகிறது. குடவோலை முறையைச் சொல்லும் முதலாம் பராந்தகன் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, அந்த மண்டபச் சுவரில் இருக்கின்றன.

10, 11ஆம் நூற்றாண்டுச் சோழர் எழுத்திலிருந்து தொடங்கு. அதற்கு முந்தைய வட்டெழுத்தும் தமிழ்பிராமியும் பிறகு. சோழர் எழுத்தில் பாதிக்குமேல் உனக்கு இப்போதே அடையாளம் தெரியும். தொல்லை தருபவை சிலவே. புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. நடுநடுவே வடசொற்களுக்கான கிரந்த எழுத்து வரும். சொற்களுக்கு இடையில் இடைவெளியே கிடையாது. தொடக்கத்தில் "ஸ்வஸ்திஸ்ரீ" வரும், பிறகு அரசனின் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி. "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்" என்று ஆரம்பித்தால் முதலாம் இராசராசன். மெய்க்கீர்த்திகளின் முதல் வரிகளை மட்டும் மனப்பாடம் செய்துவிடு. அரசன் யார் என்பது முதல் அடியிலேயே பிடிபட்டுவிடும். அதன்பின் "யாண்டு" என்பதைத் தேடு, அது ஆட்சியாண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கலசத்துக்குச் செப்புக்குடம் கொடுத்தது இராசராசனின் இருபத்தைந்தாம் ஆண்டு, 275ஆம் நாள். அவன் 985இன் நடுவில் பட்டத்துக்கு வந்தவன். கணக்குப் போட்டுப் பார், 1010 வரும். வரலாற்று மாணவருக்குக் கணக்கு தேவையில்லை என்று யார் சொன்னது?

அச்சிட்ட வாசகத்தை ஒரு கையிலும் சுவரை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பொருத்து. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் 1890இலிருந்து வந்துகொண்டிருக்கின்றன, கன்னிமாராவில் கேட்டுப் பார். சுண்ணாம்பு பூசியோ பெயின்ட் அடித்தோ எழுத்தைத் தெளிவாக்க முயலாதே. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் போதும், நிழலில் எழுத்து எழும். திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்து கல்வெட்டுகளை மழித்துவிட்ட கோயில்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இதழ் போதாது.

விடுதி அறையில் என்னோடு இருக்கும் மூவரும் பொறியியல். "கஜினி முகமது எத்தனை தடவை வந்தான்?" என்று கேட்டுத் தினமும் கேலி செய்கிறார்கள்.
— முதலாண்டு மாணவர், பெயர் வேண்டாம்

அவன் ஏன் வந்தான் என்று அவர்களைக் கேள். பிறகு, அவன் படையெடுப்புகளைப் பற்றி அவனுடைய அரசவை சார்ந்தவர்கள் எழுதியதையும், அவனோடு தொடர்புடைய அல்பிரூனி இந்தியாவைப் பற்றி எழுதியதையும் ஒப்பிட்டு நீ ஒரு பக்கம் எழுது. அவர்களுக்காக அல்ல, உனக்காக. கேலியை நான் இருபது வயதில் கேட்டிருக்கிறேன், என் மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள். அரியர் வைத்தவர் யார் என்று செமஸ்டர் முடிவு வரும்போது தெரிந்துவிடும், அதன்பின் அறையில் அமைதி நிலவும்.

எனக்கு 52 வயது. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். பிளஸ் டூவோடு நின்ற படிப்பைத் தொடர்ந்து வரலாறு படிக்கவேண்டும் என்று ஆசை. இந்த வயதில் எதற்கு என்கிறார் வீட்டுக்காரர்.
— இல்லத்தரசி, வில்லிவாக்கம்

சேருங்கள் அம்மா. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி 1981 முதல் இருக்கிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. சேர்வதற்கு முன் அந்த ஆண்டு அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று அவர்களுடைய அலுவலகத்திலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், இடைத்தரகர் வைத்திருக்கும் மையங்களில் பணம் கட்டாதீர்கள்.

உங்களிடம் இளைஞர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்கள் நீங்கள். தொலைபேசி இணைப்புக்கு விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வீட்டைத் தெரிந்தவர்கள். பாடநூலில் "பொருளாதாரத் தாராளமயம், 1991" என்று ஒரு தலைப்பு வரும். மற்றவர்கள் அதை மனப்பாடம் செய்வார்கள், நீங்கள் அதற்கு முன்னும் பின்னும் வில்லிவாக்கத்தில் இருந்தவர். சேர்ந்த முதல் மாதமே வீட்டில் இருக்கும் பழைய ரேஷன் கார்டு, வீட்டுவரி ரசீது, மாமியார் காலத்துக் கணக்கு நோட்டு எல்லாவற்றையும் எடுத்து ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். வீட்டுக்காரர் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவார், அவர் கண்ணில் படாமல் வையுங்கள்.

அடுத்த இதழுக்கான கேள்விகளை அனுப்புகிறவர்கள், "இந்த முறை எந்தக் கேள்வி வரும்?" என்று மட்டும் எழுதாதீர்கள். அது எனக்குத் தெரிந்திருந்தால் ஓய்வூதியத்தை நம்பி இருந்திருக்கமாட்டேன்.